ஆடி முடியும்வரை

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் நாங்கள் காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் நகரத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியர். காசம் பிடித்து ஆள் பாதியாகியிருந்தார். மருந்து எங்கும் கிடைக்கவில்லை. வேலையை விட்டுப் படுத்து ஓய்வெடுத்தால் கொஞ்ச காலம் கூட இருக்கலாம் என்றார் டாக்டர்.

ஓய்வெடுப்பதிலும் ஒரு வம்பு இருந்தது. அதைச் சொன்னவர் ஆபீஸ் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. வீடு தேடி வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வேலையை விட்டு நின்றால் என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்வரைதான் பென்ஷன். பிறகு எனக்கு ஒன்றுமில்லை. வேலையில் இருக்கும்போதே போய்விட்டால் எனக்கு மாதாமாதம் வரும். புருஷன் எப்போது சாக வேண்டும் என்றுகூடச் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு எரிச்சல். கிராணிக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை. கொடுக்க வீட்டில் காப்பி இல்லை என்பது வேறு விஷயம்.

கிராணி போனதும் இவரிடம், “எனக்கு ஒண்ணும் வேணாம். நாளைக்கே நின்னுடுங்க. கொல்லையில மரவள்ளி இருக்கு, நான் பொழைச்சுக்குவேன்” என்றேன்.

மறுப்பார் என்றுதான் நினைத்தேன்.

“சரி, நிக்கிறேன். ஆனா ஆடி பொறந்துருச்சே. ஆடி முடியட்டும்லா, ஆவணியில கடுதாசி கொடுத்துடறேன்.”

ஆடியில் புதுத்துணி எடுக்கக் கூடாது, வீடு மாறக் கூடாது, அடுப்பைக்கூட நகர்த்தக் கூடாது என்று கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பாடாய்ப் படுத்தியவள் நான். பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே கிண்டல் செய்பவர் அவர்.

“வேலைய விடுறதுக்கு எதுக்குங்க நல்ல மாசம்?”

“எனக்கென்ன தெரியும்? ஆடியில எதையும் தொடாதீங்கன்னு நீதானே சொல்லுவே.”

சொல்லிவிட்டு இருமலுக்கு நடுவே சிரித்தார். ஆவணிவரை உடம்பு தாங்காது என்று அவருக்குத் தெரியும். அவர் போட்ட கணக்கு எனக்கும் புரிந்தது.

தினமும் காலையில் கிளம்பிப் போனார். ஒரு நாள் வாசலை மறித்து நின்றேன். நகரச் சொல்லவில்லை, நான் சலித்து நகரும்வரை சுவரில் சாய்ந்து காத்திருந்தார், பிடிவாதக்காரர். ஆபீஸ் முற்றத்தில் எல்லோரும் வரிசையாக நின்று, ஜப்பான் இருக்கும் திசையைப் பார்த்துக் குனிய வேண்டும். குனிந்தால் அவருக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரர்தான் தோளைப் பிடித்து நிமிர்த்துவாராம். அப்புறம் அவரை நிழலில் உட்கார வைத்துவிட்டு, அவர் வேலையையும் மற்றவர்களே பார்த்தார்கள்.

ஆடி முடிவதற்குள் ஒரு காலை, குனிந்தவர் நிமிரவில்லை.

கருமாதிக்கு வந்த உறவுக்காரி ஒருத்தி என் காதுபடவே, “கெட்டிக்காரிதான். ஆடியச் சொல்லியே வேலையில நிறுத்தி வச்சிட்டா” என்றாள். புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். எனக்கு அவளை அறையலாம் போல் இருந்தது.

பணம் மாதாமாதம் வந்தது, எல்லாம் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு. அடுத்த ஆடி முடிகிற சமயத்தில் ஜப்பான்காரன் தோற்றான். பணமும் நின்றது, கையிலிருந்த நோட்டும் வெறும் காகிதமானது. அள்ளி அடுப்பில் போட்டேன். ஒரு கஞ்சி கொதிக்கக்கூடப் போதவில்லை.

அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்த ஒரு மாதம் அவர் வீட்டில் படுத்திருக்கலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.