தங்கையின் கண்ணில் வைத்த குழாய்

திரைச்சீலை தைக்கும் அக்காவுக்குத் தங்கைமேல் பொறாமை புதிதல்ல. தங்கைக்கு அடர்ந்த கூந்தல், சொன்னதைக் கேட்கும் புருஷன், சினிமா தியேட்டரில் ஏசி போட்ட டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. இருவருக்கும் ஒன்றுபோல் வாய்த்தது கிளாகோமா மட்டும்தான். கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையை அரித்துக்கொண்டே வரும் நோய். சொட்டு மருந்துக்கு அது மசியவில்லை. முன்பு செய்த ஆபரேஷனும் பலிக்கவில்லை.

"தங்கச்சிக்குக் குழாய் வெச்சிடலாம்," என்றார் டாக்டரம்மா. "நூல் மாதிரி இருக்கும். தேங்குற தண்ணிய வெளிய வடியவிடும். உங்களுக்கு லேசர். தண்ணி சுரக்கற இடத்தைக் கொஞ்சம் சுட்டுவிட்டா சுரப்பு குறையும்."

"ஏன், எனக்குக் குழாய் வைக்கக் கூடாதா?"

"பழைய ஆபரேஷன்ல உங்க வெள்ளைவிழி மேல இருக்கற தோல் தழும்பாயிடுச்சும்மா. குழாயை மூடறதுக்கு நல்ல தோல் வேணுமே."

நியாயமான காரணம்தான். ஆனால் அக்காவின் மனதில் பதிந்தது வேறு: அவளுக்குப் புதுக் குழாய், எனக்குச் சூடு.

அடுத்த பரிசோதனையில் தங்கையின் அழுத்தம் மளமளவென்று இறங்கியிருந்தது. அக்காவுக்குக் கொஞ்சம்தான். லேசரை இன்னொரு தரம் வைக்க வேண்டும் என்றார்கள்.

"உனக்கென்னடி, ராஜாத்தி!" என்று சிரித்தாள் அக்கா. அன்று தைத்த திரைச்சீலை முழுக்கக் கோணலாகப் போய், எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது லேசருக்குப் பிறகு அக்காவின் அழுத்தம் ஒருவழியாக அடங்கியது. அதற்குள் தங்கைக்கு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. குழாயோடு சேர்த்துப் பதித்த தகடு கண் தசையை இடிக்கிறதாம். சேதி கேட்டதும் அக்காவுக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. 'சீ, நான் என்ன ஜென்மம்!' என்று உடனே புறப்பட்டுப் போனாள்.

தங்கை ஒரு கண்ணைப் பொத்தியபடி சோபாவில் கிடந்தாள்.

"டிக்கெட்டுக்கு ஒருத்தர் கை நீட்டினா ரெண்டு கை தெரியுதுக்கா. எந்தக் கையில குடுக்கறது? லீவு போட்டுட்டேன்."

"சரியாயிடும்டி."

"ஆகும், கண்ணாடி போட்டா ஆகும்னாங்க. ஆனா உன்னைப் பாரு. இந்தத் தடவை கத்தியே படல. ரெண்டே நாள்ல தையல் மெஷின்ல போய் உக்காந்துட்ட. உன்னை நெனச்சு எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா?"

அக்கா தங்கையின் பக்கத்தில் நெருக்கமாக உட்கார்ந்தாள்.

"என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."