வேன் முழுக்க ஒரே மாத்திரை

தங்கைக்கு அரியலூரில் நிச்சயதார்த்தம். குரும்பலூரில் வேன் ஏறும்போதே குடும்பமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் மெடிக்கலில் மருந்தின் பெயரை யார் சொல்லிக் கேட்கிறார்கள்? ‘சளிக்கு ஒரு செட்டு’ என்றால் போதும், மாத்திரைகளை வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சித்தப்பா பெரம்பலூரில் வேனை நிறுத்தினார். ஆளுக்கொரு டீ சொல்வதுபோல எல்லோருக்கும் ஒரே செட்டாக வாங்கி வந்தார். பெரியவர்களுக்கு முழுசு, என் மகனுக்குப் பாதி. ஒருத்தரையும் விடவில்லை மனுஷன்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து! கல்யாணப் பெண் வாயைத் திறந்தபடி என் தோளில் தூங்கி விழுந்தாள். தூங்க வேண்டிய என் மகனோ சீட்டுக்குச் சீட்டு தாவி, டிரைவரின் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். நான் சிரித்துச் சிரித்து வீடியோ எடுத்தேன். அப்பா மட்டும் சீட்டில் நெளிந்துகொண்டே வந்தார்.

மாப்பிள்ளை வீட்டில் இறங்கியதும் அப்பா கொல்லைப்பக்கம் போனார், வந்தார், மறுபடி போனார். பதற்றம் என்றுதான் நினைத்தேன். முகமெல்லாம் வியர்த்து வழிவதைப் பார்த்ததும் மடக்கிப் பிடித்தேன்.

“என்னப்பா பண்ணுது?”

“ஒண்ணுக்கு வரமாட்டேங்குதும்மா. அடிவயிறு கல்லாட்டம் இருக்கு. யாருகிட்டயும் சொல்லிடாத. சம்பந்தம் பண்ற எடத்துல மானம் போயிரும்.”

அவருக்கு ஏற்கெனவே ப்ராஸ்டேட் வீக்கம். எனக்குச் சித்தப்பா மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நல்ல நேரம் முடிவதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். என் கணவர் யாரிடமோ பைக்கை வாங்கி அப்பாவை நடுவில் உட்கார வைத்தார், நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். பட்டுப் புடவையோடு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்!

வேனில் நடந்ததையெல்லாம் நான் சொல்ல, டாக்டர் மாத்திரைக் கவரைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “ப்ராஸ்டேட் இருக்கிறவருக்கு இது ஒண்ணுக்கை அடைச்சிடும்மா. ஒருத்தருக்குத் தூக்கம் வரும், சில புள்ளைங்களுக்குத் தலைகீழா ஆட்டம் போட வைக்கும். பையனைக் கண்ணு வச்சுப் பாத்துக்கங்க. கேக்காம இனிமே எதுவும் தராதீங்க.”

குழாய் போட்டார்கள். அப்பா விட்ட பெருமூச்சில் எனக்கே வயிறு லேசானது. ஆனால் குழாயை மறுநாள்தான் எடுக்க வேண்டுமாம். குழாயிலிருந்து சிறுநீர் சேரும் பையை ஒரு தாம்பூலப் பைக்குள் மறைத்துக் கையில் பிடித்தபடி அப்பா திரும்பி வந்தார். தங்கை காபியைக் குடித்துவிட்டுக் கண்ணை உருட்டி விழித்துக்கொண்டிருந்தாள். அப்பாடா, வந்து சேர்ந்துவிட்டோம் என்று நான் கொண்டாடி முடிக்கவில்லை, “தட்ட எடுங்க” என்று குரல் வந்தது.

தட்டை இரண்டு கையாலும்தானே கொடுக்க வேண்டும்! அப்பா பையோடு அப்படியே நின்றார். சபை முழுக்க அவரையே பார்த்தது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். வேட்டியோரம் தெரிந்த குழாயைப் பார்த்தார். எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “பையக் குடுங்கண்ணே, நான் புடிச்சிக்கிறேன். எங்க வூட்டுக்காரரும் இதோடதான் ஒரு மாசம் கெடந்தாரு” என்றார்.

வாங்கிக்கொண்டு, குழாய் இழுபடாமல் அப்பாவை ஒட்டி நின்றார். அப்பா கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிடப் போனார்.

“மொதல்ல தட்டப் புடிங்கண்ணே, நேரமாவுது!”