அடுப்பில் குழம்பு, குழுவில் ஏழு கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மெசேஜை நான் அழித்தேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. அழித்துவிட்டு, கடமையைச் செய்த திருப்தியோடு வடைக்கு உளுந்து ஆட்டப் போனேன்.

இன்றைக்கு நிம்மதியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால், அதற்குக் காரணம் என் சாமர்த்தியம் அல்ல. அந்தப் பெண்ணின் பொறுமை. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ராஜபாளையத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். செடி, பூச்சி, காளான் — கண்ணில் படுவதைப் போட்டோ எடுத்துப் போடுவோம். மலை பக்கத்திலேயே இருப்பதால் படத்துக்குப் பஞ்சம் இல்லை. இது என்ன பூச்சி என்று ஒருவர் கேட்டால் நாலு பேர் பதில் சொல்வார்கள். அதில் ஒன்று சரியாக இருக்கும். அட்மின்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி என் தோழி கஸ்தூரி — காலேஜில் தாவரவியல் நடத்தி ரிட்டயர் ஆனவள். விஷயம் தெரிந்தவள் அவள், சட்டம் போடுகிறவள் நான்.

ஆரம்பத்தில் சட்டம் எதுவும் இல்லை. வருகிறவர்கள் வரட்டும் என்று விட்டிருந்தோம். வந்தார்கள்... ரோஜாப்பூவோடு குட்மார்னிங் போடுகிறவர்கள், பிளாட் விற்கிறவர்கள், மூட்டுவலிக்குத் தைலம் விற்கிற ஒருவர். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்து ஏழு கேள்விகள் எழுதினேன். பெயர், ஊர், தொழில், எதைப் படம் எடுப்பீர்கள், என்ன கேமரா, எத்தனை வருட அனுபவம், குழுவில் உங்கள் எதிர்பார்ப்பு என்ன. புதிதாக வருகிறவருக்கு இதைத் தனியாக அனுப்புவேன். பதில் வருகிற வரைக்கும் அவர் குழுவில் எதைப் போட்டாலும் அழித்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்குக்கூட இவ்வளவு கேட்கவில்லையே என்றார். முப்பது வருடம் தாலுகா ஆபீஸில் ஃபாரம் வாங்கிப் போட்ட மனுஷன் பேசுகிற பேச்சா இது? நான் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு நாள் நல்ல மழை. பத்தரை மணி வாக்கில் ஒரு புது நம்பர் லிங்க் வழியாகக் குழுவுக்குள் வந்தது. வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. நேராக ஒரு போட்டோ. அரிசி புடைக்கிற சுளகில் பரப்பிய வெள்ளைக் காளான்கள். ஃபோகஸ் சரியில்லை, ஓரத்தில் யாருடைய காலோ பாதி தெரிந்தது. அழித்தேன். ஏழு கேள்விகளை அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே போட்டோ. கீழே ஒரே ஒரு வார்த்தை: 'அவசரம்'.

எனக்கு வந்ததே கோபம். போட்டோ போடுவதில் அப்படி என்ன தலைபோகிற அவசரம்? மறுபடியும் அழித்தேன். 'முதலில் விதிமுறைகளைப் படிக்கவும்' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கும்பிடு வேறு. கும்பிடு போட்டுக்கொண்டே மட்டம் தட்டுவது நமக்குக் கைவந்த கலை ஆயிற்றே!

பிறகு கிரைண்டர் சத்தத்தில் உலகம் மறந்து போனது. முதல் ஈடு வடையை எண்ணெயில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தபோது மணி பன்னிரண்டே கால். அரை மணி நேரத்துக்கு முன்பே எனக்குத் தனியாகப் பதில் வந்திருந்தது. ஏழு கேள்விக்கும், வரிசையாக.

பெயர்: முத்துலட்சுமி.
ஊர்: வன்னியம்பட்டி.
தொழில்: விவசாயம், ரெண்டு மாடு.
எதைப் படம் எடுப்பீர்கள்: இன்னைக்குத்தான் முதல் தடவை. காளான்.
என்ன கேமரா: வீட்டுக்காரர் போன்.
எத்தனை வருட அனுபவம்: கல்யாணம் ஆகி ஒன்பது வருசம்.
எதிர்பார்ப்பு: இந்தக் காளானைச் சாப்பிடலாமா என்று சொல்லணும். குழம்பு கொதிக்குது.

கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன். எனக்குக் காளானைப் படம் எடுக்கத் தெரியும். எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று சத்தியமாகத் தெரியாது. அரை மணி நேரத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டு, கையும் கழுவியிருக்கலாம்.

அந்த நம்பருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரர் தன் போனில் கஸ்தூரியைப் பிடித்துவிட்டார். நான் படத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்ததும் அவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

"படத்தை வச்சு சாப்பிடலாம்னு யாரும் சொல்ல முடியாது. சாப்பிடாதீங்கன்னுதான் சொல்ல முடியும். அதை மொதல்ல சொல்லு."

மூன்றாவது தடவை போனை எடுத்தது ஓர் ஆண் குரல். வாட்ஸ்அப் குழுவிலிருந்து பேசுகிறேன், முத்துலட்சுமி வேணும் என்றேன். "நான் அவ வீட்டுக்காரர் பேசுறேன். அவ வாழை இலை அறுக்கப் போயிருக்கா" என்றது குரல்.

இலை அறுக்க! பரிமாறத்தானே இலை! சாப்பிட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எங்க? நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையாம்ல. பசி உயிர் போகுது, சட்டியத் தொட விடமாட்டேங்கா."

தொடவே தொடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னேன். அடுப்பில் வடை கருகுகிற வாசனை வந்தது. கருகட்டும் என்று இருந்தது.

முத்துலட்சுமியின் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டும். காளான் குழம்பு என்றால் அவருக்கு உயிராம். மழை பெய்ததும் முத்துலட்சுமி காலையிலேயே தேடிப் போயிருக்கிறார். எப்போதும் எடுக்கிற கறையான் புற்றில் ஒன்றும் இல்லை. மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால், எருக்குழி ஓரத்தில் வெள்ளை வெளேர் என்று நிறைய இருந்திருக்கிறது. பறித்துவிட்டார். காம்பில் வளையம் மாதிரி ஒன்று இருந்ததைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு உறுத்தல். எங்கள் குழுவில் இருக்கும் அவருடைய சித்தி மகனைக் கேட்க, அவர் லிங்கை அனுப்பி, அங்கே எல்லாம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். குழம்பு கொதிப்பதற்குள் பதில் வந்துவிடும் என்று நம்பித்தான் முத்துலட்சுமி அடுப்பில் வைத்திருக்கிறார். எல்லாம் தெரிந்தவர்கள் என்ன செய்தோம் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

அதற்குள் முத்துலட்சுமி இலையோடு வந்துவிட்டார். கஸ்தூரியையும் அதே அழைப்பில் சேர்த்தேன். மீதம் இருந்த காளான் ஒன்றின் குடைக்கு அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். லேசாகப் பச்சை தட்டியிருந்தது. இதைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில்தான் கிடக்க வேண்டும், பிள்ளைகளுக்கு இன்னும் மோசம் என்றாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏழு கேள்வி கேட்ட எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

கோழி கிளறாத ஆழத்தில் குழி தோண்டி, குழம்பைக் கொட்டி மூடினார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் மதியச் சாப்பாடு ரசமும் முட்டைப் பொரியலும். ராணுவக்காரருக்கு வருத்தம்தான். எனக்கு மனசெல்லாம் குளிர்ந்து கிடந்தது.

சாயந்திரம் மன்னிப்புக் கேட்பதற்காக நானே முத்துலட்சுமியைக் கூப்பிட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அதெல்லாம் பரவாயில்லக்கா. ரெண்டு தடவ அழிச்சதும், இத கேக்குறதே தப்பு போலன்னு நெனச்சேன். எதுக்கும் நீங்க கேட்டத எழுதிப் போட்டுப் பாப்பமேன்னு போட்டேன். அதையும் அழிச்சிருந்தீங்கன்னா, வாரது வரட்டும்னு பரிமாறிருப்பேன்."

கொஞ்சம் ரோஷக்காரியாக இருந்திருந்தால், முதல் தடவை அழித்தபோதே இவர் வெளியே போயிருப்பார் இல்லையா? ஒரு கோலக் குழுவில் என் கோலத்துக்கு யாரும் லைக் போடவில்லை என்று அரை மணி நேரத்தில் வெளியே வந்தவள் நான். வந்தவர்களை வடிகட்டுவதிலேயே குறியாக இருந்தேன். எதற்காக வந்திருக்கிறார்கள் என்று முதலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். குட்மார்னிங் ரோஜாப்பூவால் யாருக்கும் வாந்தி வராது. என் சட்டத்தால் வரப் பார்த்தது.

ஏழு கேள்வியையும் தூக்கிவிட்டேன். தைலக்காரர் திரும்பி வந்தால் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். முத்துலட்சுமி, கணவர் கிளம்புவதற்கு முன்பே அவரிடம் சொல்லி, தனக்கென்று ஒரு போன் வாங்கிக்கொண்டார். நேற்று அவரையும் அட்மின் ஆக்கிவிட்டோம். புதிதாக வருகிறவர்களை இனி வரவேற்பது அவர்தான்.

இன்று காலை ராஜபாளையத்திலிருந்தே ஒருவர், பெயர்கூடச் சொல்லாமல், ஒரு காளான் படத்தைப் போட்டார். நான் பார்ப்பதற்குள் முத்துலட்சுமி கேட்டுவிட்டார்:

"வாங்கண்ணே. அடுப்புல வச்சிட்டீங்களா, இன்னும் வைக்கலையா?"