மரப்பட்டையில் வைத்த பொட்டு

எனக்கு இன்னமும் வயிறு எரியுது. பாண்டிச்செல்வி கதையை யார்கிட்டயாவது சொல்லாட்டி இந்த எரிச்சல் அடங்காது, அதான் சொல்றேன்.

நான் கருத்தக்கண்ணன். கே.கே. நகர்ல ஹாலாஸ்யம் சார் வச்சிருக்கிற ஓவியக் கூடத்துல லைட் மாட்டுற எலக்ட்ரீசியன். பாண்டிச்செல்விக்கு அங்க படங்கிட்ட நிக்கிற வேலை. எவனும் கை வச்சிரக் கூடாது, அம்புட்டுத்தான். லேசுன்னு நெனைச்சிராதீங்க. காலேஜ் பிள்ளைக செல்ஃபி எடுக்கப் படத்து மேலயே சாயும். பெரிய மனுசங்க நகத்தால சுரண்டிப் பாப்பாங்க. "சார், கையை எடுங்க"ன்னு பாண்டிச்செல்வி மொகத்துக்கு நேராச் சொல்லும். ஒரு தடவை போலீஸ் அதிகாரியையே சொல்லிருச்சு, அவரும் எடுத்துட்டாரு.

அது பொறந்தது கொட்டாம்பட்டிப் பக்கம். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவங்க வயல்ல கூலி. பன்னெண்டாவது முடிச்ச கையோட லோடுமேன் சோலையைக் கட்டிக்கிட்டுப் பரவைக்கு வந்துச்சு. மார்க்கெட்டுல மூட்டை எறக்குறப்ப லாரி பின்னால வந்து சோலை போயிட்டாரு. மக தாமரைச்செல்வி அப்பக் கைப்பிள்ளை. சொந்தம்னு இருந்தவங்க ஒருத்தரும் ஏன்னு கேக்கலை. அந்தப் பிள்ளையைத் தனியாளா பாலிடெக்னிக் வரைக்கும் கொண்டாந்து விட்ருக்கு.

போன மாசம் மழைக்காட்டுக் கண்காட்சின்னு ஒண்ணு வந்துச்சு. அமேசான் காட்டுச் சனங்க இந்தக் காலத்துல வரையிற படங்க. அதுகளைத் தேர்ந்தெடுத்துக் கொண்டாந்ததும், வர்றவங்களைக் கூட்டிட்டுப் போயி விளக்கம் சொல்றதும் க்யூரேட்டர் பவதாரிணி மேடம், சென்னைக்காரங்க. நடு ஹால்ல ஒரு படம். மரப்பட்டையைத் தட்டித் தட்டித் துணி மாதிரி ஆக்கி, அதுல ஒரு பொம்பளை வரைஞ்ச ஆறு. கண்ணாடியும் கெடையாது, சட்டமும் கெடையாது.

தொறப்பு விழா அன்னிக்கு சாரோட சம்சாரம் பாகீரதியம்மா சந்தனத்தைக் குழைச்சுக் கொண்டாந்து, அந்தப் பட்டையில பொட்டு வச்சு, மேல குங்குமமும் வச்சுட்டாங்க. நம்ம ஊர்ல புது பைக்கு, புது ப்ரிட்ஜு, புது மிக்ஸி, எதைத்தான் பொட்டு வைக்காம விட்டோம்? அந்தப் பழக்கத்துல வச்சாங்க, அதை நான் தப்புன்னு சொல்லலை. பாண்டிச்செல்வி ஓடிப் போயி, "அம்மா, வேணாம்மா, ஊறிரும்"னுச்சு. "நல்ல காரியத்தன்னிக்கு வேணாம் கீணாம்னு சொல்லாதே"ன்னு அந்தம்மா சுள்ளுன்னு விழுந்தாங்க. ஏணி மேல நின்ன நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். அப்பறம் மேடம் பதறிப் போயி ஈரத்துணியால தொடைக்க, செவப்பு பாதி ஆறு வரைக்கும் பரவிருச்சு.

கண்காட்சிக்குப் படத்தை இரவலாக் குடுத்தவங்க சும்மா விடுவாங்களா? யார் செஞ்சதுன்னு கேட்டுட்டாங்க. சார் பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டாரு. "தெரியாம வச்சுட்டேன்னு நீ சொல்லிடு. நாளைக்கு அவா ஆளுங்க, பேப்பர்காரங்க எல்லாரும் வர்றா. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

சொல்லாட்டி? அதை அவரு சொல்லலை, சொல்லணுமா என்ன? சொன்னாலும் கேடுதான். படத்தைக் காக்குறவளே படத்தைக் கெடுத்தான்னு பேப்பர்ல வந்துட்டா, பெறகு எந்தக் காலத்துல எவன் அவளை நம்பி வேலை குடுப்பான்?

மறுநாள் மேடம் கூட்டத்தைக் கூட்டிட்டு வந்தாங்க, சாரும் பாகீரதியம்மாவும் கூடவே வந்தாங்க. காடு, ஆறு, மரியாதைன்னு என்னமாப் பேசுனாங்கங்கிறீங்க! "குரல் இல்லாதவங்களோட குரலை நாம கேக்கணும்"னாங்க. அந்தப் பட்டைக்கிட்ட வந்ததும் குரலை எறக்கி, "எங்க பணியாளர் ஒருத்தங்க, பாவம், படிப்பில்லாதவங்க, ஏதோ பக்தியில பொட்டு வச்சுட்டாங்க"ன்னு பாண்டிச்செல்விக்கு நேரா கையைக் காட்டுனாங்க. கூட்டம் உச்சுக் கொட்டிச் சிரிச்சுச்சு. ஒருத்தன் அதைப் போட்டோ வேற எடுக்குறான்.

பாண்டிச்செல்வி ரெண்டு எட்டு முன்னால வந்துச்சு. "மேடம், நான் பன்னெண்டாவது பாஸு. பொட்டும் நான் வைக்கலை."

"அப்புறம் பேசிக்கலாம்"னு சார் பல்லைக் கடிச்சாரு.

"இப்பவே பேசிருவோம் சார். விழாவுக்கு வந்த பொம்பளைங்க அம்புட்டுப் பேருக்கும் அம்மா குங்குமத் தட்டை நீட்டுனாங்க. என்கிட்ட வந்ததும் தட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுச் சுத்திப் போனாங்க. தாலியறுத்தவ கை பட்டா ஆகாதாம். எனக்கு அது புதுசு இல்லை, ஒரு வார்த்தை கேக்கலை நான். தொடவே விடாத குங்குமத்தை நான் எப்பிடிம்மா எடுத்துப் படத்துல வச்சேன்? நீங்களே சொல்லுங்க."

பாகீரதியம்மா தலையைக் குனிஞ்சவங்கதான், நிமிரலை. "அது வைக்கலை, நான் பாத்தேன்"னு நானும் கத்துனேன்.

"உனக்கு வேலை வேணாமா?"ன்னு சார் பாண்டிச்செல்வியைப் பாத்துக் கேட்டாரு.

"வேணும் சார். மக படிக்குது, வேணாமா பின்னே? ஆனா நான் வைக்கலை."

"கெளம்பு"ன்னாரு. பாண்டிச்செல்வி அழுகலை, அங்கயே நின்னு அந்தக் கூட்டத்தை ஒவ்வொருத்தரா மொகத்தைப் பாத்துச்சு. மேடம் தொண்டையைச் செருமிக்கிட்டு, "அடுத்த படத்துக்குப் போகலாமா?"ன்னாங்க. ஒருத்தர்னா ஒருத்தர் நிக்கணுமே! அம்புட்டுப் பேரும் போயிட்டாங்க.