எழுபது வருடம் யாரும் தொடாத சீட்

அந்தக் காரின் சரித்திரம் கோழி எச்சத்தைச் சுரண்டிய எனக்குத்தான் தெரியும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். முதலில் ஒரு விமானி வைத்திருந்தாராம், அப்புறம் ஒரு டாக்டர். கடைசியாக வாங்கிய விவசாயி அதைக் கோழிக் கொட்டகையில் போட்டுவிட்டார். அங்கிருந்து வாங்கிக் கப்பலேற்றி துபாய்க்குக் கொண்டுவந்தவர் ஒரு பம்பாய் சேட். அங்கே சத்வா பகுதியில் நான் வேலை பார்த்த குஷன் கடைக்கு சீட்டுகள் வந்தபோது தோல் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஸ்பிரிங்கும் இறகும்தான் மிச்சம்.

எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு, நல்ல தோலாக வாங்கி, பிரித்துப் பிரித்துத் தைத்தேன். பாராட்டுவார் என்று நின்றால் சேட் முகத்தைச் சுளித்தார்.

"நயா லக்தா ஹை, பாய்!"

புதிதாகத் தெரிகிறதாம். புதிதாகத் தைத்த சீட் வேறு எப்படி இருக்கும்? பழையதாக்கச் சொன்னார். டிக்காஷன் தடவினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நல்ல வேலையை நானே கெடுப்பது வயிற்றெரிச்சலாக இருந்தது. சுருக்கம் மட்டும் விழவில்லை. ரூமுக்கே தூக்கிக்கொண்டு போனேன். டூட்டி முடிந்து வந்த ரூம்காரர்கள் லுங்கியோடு மாறி மாறி அதில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள்.

"நம்ம குண்டிக்கு வந்த வாழ்வப் பாருய்யா!" என்றார் திருவாரூர்க்காரர். ஒருவழியாகச் சுருக்கம் விழுந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மனைவியும் மகளும் விசிட்டில் வந்திருந்தார்கள். போனில் மகள் கேட்கும் ஒரே கேள்வி, "நீங்க அங்க என்னப்பா வேல பாக்குறீங்க?" என்பதுதான். லீவுக்கு வந்து போகிற மனுஷன் என்பதைத் தவிர அவளுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்? சேட்டின் கார் ஒரு கண்காட்சியில் நிற்பது தெரிந்ததும், "அப்பா தைச்ச சீட்ட வந்து பாரு" என்று பெருமையாக அழைத்துப்போனேன்.

காரைச் சுற்றிக் கயிறு கட்டி, சேட் கோட்டு சூட்டில் நின்றார். மகள் ஆசையாகக் கையை நீட்டினாள்.

"டோன்ட் டச், பேபி! இது எழுபது வருடம் யாரும் தொடாத சீட்" என்று ஆங்கிலத்தில் தடுத்தார். சுற்றி நின்றவர்களிடம் சுருக்கங்களைக் காட்டி, அந்த விமானி உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்தவை என்றார். கூட்டம் உச்சுக்கொட்டியது. மகள் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சேட், யே மேரா காம் ஹை. நான் தைத்தது என்று சொல்லுங்கள்!" என்று இந்தியில் சத்தமாகவே கேட்டேன்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. சிரித்துக்கொண்டே என் தோளில் கைபோட்டு, கூட்டத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார்கள். நான் ஃபீஸ் கட்டிப் படிக்கவைத்த இங்கிலீஷ் மீடியம் மகள், அம்மாவிடம் அதையும் தமிழில் சொன்னாள்.

"அப்பாதான் இந்தக் கார டெய்லி தொடைக்கிறாங்களாம்மா."

அந்த ஆளின் பொய்க்குக் கோட்டு சூட்டு இருந்தது. என் உண்மைக்கு அரைகுறை இந்திதான் இருந்தது. வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நீங்க தைச்ச சீட்டு எந்தக் கார்ல இருக்கு? அதக் காட்டவே இல்லையே?"