மனைவி புலம்பலின் இரண்டாம் பாட்டு

எழுவைதீவில் ஆழ்வாப்பிள்ளை கல்வெட்டுப் பாடினால் கடலுக்கு அந்தப் பக்கம் அனலைதீவில் நாய்கள் அழும் என்பார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், படத்துக்குள் இருந்த செத்த மனிதரே கண் துடைத்ததைக் கண்டேன் என்று சொல்லித் திரிந்தவள். ஆனால் என் பக்கத்து வீட்டுச் சத்தியபாமாவின் கதையில் கூட்டிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குறைத்துச் சொல்லத்தான் கை போகிறது. அவ்வளவு பயந்து கிடந்த காலம்.

கல்வெட்டு என்று எங்கள் பக்கத்தில் சொல்வது கல்லில் வெட்டுவதையல்ல. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிய, அவருடைய வரலாற்றைப் பாட்டாக அச்சடித்த சிறு புத்தகம் ஒன்றைச் சனத்துக்குக் கொடுப்பார்கள். குலம், கோத்திரம், பிள்ளைகள், குணநலன் எல்லாம் இருக்கும். கடைசியில் புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாக வரும். குரல் வளம் உள்ள ஒருவர் படத்துக்கு முன்னால் வெள்ளை விரித்து இருந்து அதை முழுதும் பாடவேண்டும். தொடங்கினால் இடையில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் செத்தவருடைய ஆவி வீட்டு வளையில், அந்தக் கூரை மரத்தில், தொங்கிப்போகும் என்பது எங்கள் தீவின் நம்பிக்கை. படித்தவர்களும் அதை நம்பினார்கள். நானும்தான்.

சத்தியபாமா சரவணையில் பிறந்தவள். தகப்பன் புராணம் படிக்கிற மனிதர். மகளுக்கு எழுத்தோடு யாப்பையும் சேர்த்துச் சோறுபோலத் தீத்திவிட்டார். எழுவைதீவுக்குக் கலியாணம் செய்து வந்து பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கினாள். புருசன் கதிர்காமு ஊர்ச் சங்கத்து லோஞ்சின் தண்டையல், அதாவது அந்த இயந்திரப் படகை ஓட்டுகிறவன். நல்ல மனிதன், பின்னேரத்தில் கள்ளுக்குடித்தால் இன்னும் நல்ல மனிதன். அவள் அவனைப் பாட்டிலேயே திட்டுவாள். அவன் வேலியில் சாய்ந்துகொண்டு, “இன்னொருக்காச் சொல்லுமப்பா, எதுகை நல்லாயிருக்கு” என்பான்.

அந்த லோஞ்சுதான் எங்களுக்குக் கால். ஆஸ்பத்திரி, பள்ளிச் சோதனை, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறித்தான் ஊர்காவற்றுறைக்குப் போய்வரும். எண்பத்தாறாம் ஆண்டு ஆனி மாதம், நயினாதீவு அம்மன் தேருக்குச் சனத்தை ஏற்றிக்கொண்டு போகையில் அது நடுக்கடலில் பிளந்தது. மீன்பிடி வள்ளங்கள் ஓடிவந்து பலரை இழுத்து எடுத்தன. ஆறு பேர் போனார்கள். அவர்களில் ஒருவன் கதிர்காமு.

செத்தவீட்டிலேயே கதை பிறந்துவிட்டது. ஆழ்வாப்பிள்ளை வெறும் பாட்டுக்காரர் அல்ல, ஊர்ச் சங்கத்தின் தலைவரும் அவர்தான். பந்தலில் இருந்து பெருமூச்சு விட்டார்.

“என்ன செய்யிறது, கதிர்காமு அண்டைக்குக் கொஞ்சம் போட்டிட்டான் போல. செத்தவனைக் குறை சொல்லக்கூடாது.”

குறை சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொண்டே சொன்ன குறை, கடல்காற்றிலும் வேகமாய்ப் பரவியது. மற்ற ஐந்து வீட்டாரும் கல்வெட்டு அச்சடிக்கக் கொடுத்தபோது, ‘மதுவுண்ட தண்டையலால் மாண்டாயே’ என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார்கள். அச்சில் வந்துவிட்டால் பிறகு என்ன, அது சரித்திரம்.

சத்தியபாமாவுக்கு உண்மை தெரியும். தேருக்கு முதல் நாள் கதிர்காமு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அவளிடம் சொல்லியிருந்தான். அடிப்பலகை ஊறி இற்றுவிட்டது, பெருவிரலை வைத்து அமத்தினால் உள்ளே போகிறது, கரையேற்றிப் பலகை மாற்றாமல் ஓடேலாது என்று தலைவரிடம் போய்ச் சொன்னேன் என்றான். தலைவர் சிரித்தாராம். “சீமெந்தைக் குழைச்சு அப்பிப்போட்டு ஓட்டுமன். தேரண்டு எங்கடை லோஞ்சு போகேல்லையெண்டால் அனலைதீவார் வாயாலையோ சிரிப்பாங்கள்?” என்றாராம். கதிர்காமுவும் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டான்.

புருசனுடைய கல்வெட்டுக்கான பாட்டுகளை அவளே எழுதினாள். மனைவி புலம்பலில் யாரும் கை வைப்பதில்லை. தாலி அறுத்தவள் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டுகிற இடம் அது. முதற்பாட்டு எல்லோரும் எழுதுவதுபோல, ‘என்னைத் தனியவிட்டு எங்கேகினீர்’ என்றுதான். இரண்டாம் பாட்டு இது:

அடிப்பலகை இற்றதடி விரல்புகுது என்றீரே
பிடிசீமெந் திடுமென்று தலைவர்சொல்லக் கேட்டீரே
தேர்காண வேண்டுமென்று தெரிந்தும்நீர் போனீரே
ஆர்காக்க வந்தாரோ ஆழ்கடலில் ஆழ்ந்தீரே.

ஊர்காவற்றுறையில் சிறு அச்சுக்கூடம் வைத்திருந்த அம்புறோஸ், எழுத்துக் கோத்துக்கொண்டு போனவர் அந்த இடத்தில் கையை எடுத்தார். எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினார்.

“தங்கச்சி, இது தெரிஞ்சுதான் எழுதினதோ?”

“ஓம் அண்ணை.”

“இப்ப இருக்கிற நாளிலை ஒருத்தன்ரை பேரைச் சொன்னால் அது எங்கை போய் நிக்குமெண்டு சொல்லேலாது. நேவி ஒரு பக்கம், இயக்கப் பொடியள் ஒரு பக்கம்.”

“நான் பேர் எழுதேல்லையே. தலைவர் எண்டுதானே கிடக்கு.”

“தங்கச்சி, எழுவைதீவிலை எத்தினை தலைவர் இருக்கினம்?” என்று கேட்டுவிட்டு அடித்துக் கொடுத்தார். ஆனால் எல்லாக் கல்வெட்டிலும் கடைசிப் பக்கத்தில் போடுகிற தன் அச்சுக்கூடத்தின் பெயரை அதில் போடவில்லை.

புத்தகக் கட்டை அவள் நெல்லு மூட்டைக்குப் பின்னால் வைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் உரத்துப் பேசவில்லை. வேலிப் படலை கிரீச்சிட்டால் அவள் போய் மூட்டைக்கு முன்னால் நிற்பாள். தமையன் மார்க்கண்டு சரவணையிலிருந்து வந்தவன், ஒரு பிரதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனான்.

“உனக்கென்ன விசரோ? ஆர் இதைப் பாடப்போறது?”

“எப்பவும் ஆர் பாடுறவர்? அவர்தான்.”

“அந்தாளோ!” அவன், கொண்டுவந்த பனங்கட்டி ஓலைக் குட்டானைத் தட்டிவிட்டுவிட்டான். “பிள்ளை, கொண்டுபோய் அடுப்புக்கை வைப்பம். கதிர்காமு குடிச்சவன் எண்டே இருக்கட்டும். செத்தவனுக்கு வெக்கமில்லை. உனக்கு உயிர் இருக்கு.”

“செத்தவனுக்கு வெக்கமில்லையெண்டே இருக்கட்டும். நாளைக்கு இன்னொரு லோஞ்சு வருமெல்லே அண்ணை? அதிலையும் இந்த வாய்தானே சீமெந்து அப்பச் சொல்லும்?”

ஆழ்வாப்பிள்ளைக்கு ஒரு பெருமை இருந்தது. எந்தக் கல்வெட்டையும் முன்கூட்டிப் பார்க்கமாட்டார்; கையில் தந்ததும் கண்ணாலே கண்டு வாயாலே பாடுவார். சத்தியபாமா நேரே போய்க் கேட்டபோது தன் பெருந்தன்மையைக் காட்ட ஓம் என்றார். ஆறு வீட்டுக்கும் ஒரே நாள் அந்தியேட்டி. காலையிலிருந்து வீடு வீடாகப் பாடிவந்தார். பின்னால் ஒருவன் பற்றறியில் ஓடுகிற ஒலிபெருக்கியைத் தோளில் சுமந்துவந்தான். எங்கள் தீவின் அளவுக்கு ஒரு குழாய் போதும், ஊர் முழுதும் கேட்கும். கடைசியாகக் கதிர்காமு வீடு. மற்ற வீடுகளில் சாப்பிட்ட சனம், தண்டையலின் வீட்டில் என்னதான் எழுதியிருக்கும் என்று பார்க்கப் பின்னாலேயே வந்து முற்றத்தில் நின்றது. பெண்கள் நாங்கள் அறைக்குள். சத்தியபாமா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வளையலில்லாத மற்றக் கை என் தோளில் இருந்தது.

காப்புச் செய்யுள், குலவரலாறு எல்லாம் தேனாய் ஓடியது. மனைவி புலம்பல் முதற்பாட்டில் சில பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். இரண்டாம் பாட்டின் முதலடியைக் குரலை ஏற்றி இழுத்துப் பாடினார். இரண்டாம் அடியில் ‘தலைவர்’ என்ற சொல் வாயைவிட்டு வந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. குரல் அந்தரத்தில் நின்றது.

ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. படத்தில் இருந்த கதிர்காமுவைப் பார்த்தார், பிறகு மேலே வளையைப் பார்த்தார். நிறுத்தேலாது. மிச்சத்தை மூச்சு முட்டியவன்போல் ஒவ்வொரு சொல்லாகப் பாடி முடித்தார். மிச்சப் புலம்பல்களையும் பாடினார். கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் சுற்றிக்கொண்டு, வைத்திருந்த தேத்தண்ணீரைத் தொடாமல் போய்விட்டார். வெள்ளை விரிப்பில் அவர் இருந்த இடம் வியர்வையில் நனைந்திருந்தது.

அன்று பின்னேரம் ஊர் கொதித்தது. ஐந்து வீட்டாரும் தங்கள் கல்வெட்டைப் பிரித்து அந்த வரியைப் பேனையால் அடித்தார்கள். சத்தியபாமாவின் புத்தகம் கை மாறி வள்ளத்தில் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போனது. அது யார் கையில் போய் நிற்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. சில நாளில் இயக்கப் பொடியள் பிளாஸ்ரிக் படகில் வந்து இறங்கினார்கள். ஒருவன் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. ஆழ்வாப்பிள்ளை சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தார். “விசாரிச்சுப்போட்டு விடுவம்,” என்று அவன் அவரைப் படகில் ஏற்றினான்.

எங்கள் தீவில் அப்போது மின்சாரமில்லை. லைற் போஸ்ற், அதுதான் விளக்குக் கம்பம், ஒன்றுகூட இல்லை என்பது எங்களுக்குப் பெரிய மனக்குறை. ஊர்காவற்றுறையில் இருந்தது. ‘சமூக விரோதி’ என்று அட்டை எழுதி ஆளைக் கட்டிச் சுடுகிற கம்பம் அது. அன்று முதற்தடவையாக, எங்கள் ஊரில் கம்பம் இல்லாதது நல்லது என்று நினைத்தோம்; உடனே, இருக்கிற இடத்துக்குத்தானே கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது.

அதோடு ஊர் வாயை மூடிக்கொண்டது. புத்தகங்கள் அடுப்புக்குள் போயின. “நான் வாசிக்கேல்லை,” என்றார்கள், கேளாமலே. கிணற்றடியில் சத்தியபாமா வந்தால் மற்றவர்கள் அரைக்குடத்தோடு போய்விடுவார்கள். முதலில் அவள் தன் உயிருக்குத்தான் பயந்தாள். இப்போது பயம் வேறு பக்கத்தால் வந்து பிடித்தது. “என்ரை பாட்டாலை ஒரு மனிசன் சாகப்போகுது,” என்று என்னிடம் சொன்னாள். நான் அவளுடைய குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் விடிய ஆழ்வாப்பிள்ளையின் மனைவி இலட்சுமிப்பிள்ளை வந்து முற்றத்து மண்ணில் இருந்தாள்.

“பிள்ளை, பொய்யெண்டு ஒரு சொல்லுச் சொல்லு. துக்கத்திலை எழுதிப்போட்டன் எண்டு சொல்லு. காலிலை விழுறன்.”

“எழும்புங்கோ அக்கா. வாங்கோ, போவம்.”

“சொல்லுவியோ?”

சத்தியபாமா செருப்பை மாட்டினாள். பொய் என்றால் கதிர்காமு திரும்பவும் குடிகாரன். மெய் என்றால் இவளுடைய தாலி. இரண்டில் எதைச் சொல்வதென்று கரைக்குப் போகும்வரை தனக்கே தெரியாது என்று பிறகு சொன்னாள். ஒரு மீன்பிடி வள்ளம் நின்றது. ஏற முதல் இலட்சுமிப்பிள்ளை குனிந்து, வள்ளத்தின் அடிப்பலகையில் பெருவிரலை வைத்து அமத்திப் பார்த்தாள். பிறகு, செய்யக்கூடாததைச் செய்தவள்போல் கையைச் சேலைக்குள் ஒளித்தாள். சத்தியபாமா கண்டுவிட்டாள்.

முகாமில் நடந்ததை எனக்குச் சொன்னது இலட்சுமிப்பிள்ளை. பொறுப்பாளன் மீசை அரும்பிய பொடியன். கதிரையில் இருந்தபடி புத்தகத்தை மேசையில் போட்டான்.

“அக்கா, இது உண்மையோ பொய்யோ?”

“உண்மை.”

இலட்சுமிப்பிள்ளை தன் தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?”

“நான் ஊருக்குத்தான் குடுத்தனான். உங்களிட்டைத் தரேல்லை.”

“உங்கடை புருசனைக் கொன்ற ஆளக்கா அது.”

“ஓம். அவரைக் கம்பத்திலை கட்டினால் சனம் கம்பத்தைத்தான் பாக்கும். பலகையை ஆர் பாக்கிறது, தம்பி? நான் வாய் திறந்து ஒராள் செத்ததெண்டால், அடுத்த முறை பலகை இத்துப்போனதைக் காணுறவன் தன்ரை வாயைப் பொத்திக்கொண்டு இருப்பான். பிறகு இன்னும் ஆறு பேர்.”

அவன் அவளையே பார்த்தான். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லையாம். “எங்களுக்குப் பாடம் எடுக்கிறியளோ? போங்கோ. யோசிப்பம்,” என்றான். துறைமுகத்துக்கு நடந்துவருகையில் இரண்டு பெண்களும் வழியில் இருந்த ஒவ்வொரு கம்பத்தையும் நிமிர்ந்து பார்த்தபடி வந்தார்கள்.

கிழமை ஒன்று கழிய ஆழ்வாப்பிள்ளை மீன் வள்ளத்தில் வந்து இறங்கினார். தலையை மொட்டையடித்திருந்தார்கள். என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குரல் போய்விட்டது, காற்றுத்தான் வந்தது. சத்தியபாமா சொன்னதாலா விட்டார்கள், வேறு யாரும் சொன்னார்களா என்பது இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு ஊரில் புலம்பல் எழுதுகிறவர்கள், அச்சுக்குப் போகமுதல் நாலு பேருக்குக் காட்டி, நாலு வரியை வெட்டிக்கொண்டார்கள். அம்புறோஸ் எழுவைதீவு வேலை எடுப்பதையே விட்டுவிட்டார்.

அடுத்த ஆனிக்கு முன்னால் வேறொரு பழைய லோஞ்சை எடுத்து, பழுது பார்த்துக் கரையில் ஏற்றி வைத்தார்கள். வெள்ளோட்டத்துக்குத் தேங்காய் உடைக்க ஊரே கூடியது. புதுத் தலைவர், “எல்லாம் திறம்,” என்றார். நல்லதா என்று கேட்கவும் பயம், கேளாமல் ஏறவும் பயம். சத்தியபாமா செருப்பைக் கழற்றிவிட்டு லோஞ்சுக்குக் கீழே குனிந்து போனாள். பெருவிரலை அடிப்பலகையில் வைத்து அமத்தினாள், நகர்ந்தாள், திரும்ப அமத்தினாள். பிறகு இலட்சுமிப்பிள்ளை போனாள். நானும் போனேன், என் பாரத்துக்குப் பலகை தாங்கினால் பயமில்லை என்று நினைத்துக்கொண்டு. வாய் திறக்காத சனமெல்லாம் விரலை நீட்டிக்கொண்டு வந்தது. புதுத் தலைவர் தேங்காயைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லோருக்கும் கடைசியில், சால்வையால் தலையை மூடிக்கொண்டு ஆழ்வாப்பிள்ளை வந்தார். சனம் விலகியது. அவர் முழங்காலில் இருந்து, மற்றவர்கள் விட்டுவிட்ட பின்பக்கத்து மூலையில் விரலை வைத்தார். நெடுநேரம் அமத்தினார். பிறகு அந்தக் காற்றுக் குரலில், யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“இதிலை மெத்தெண்டு கிடக்கு. மாத்துங்கோ.”

அன்று தேங்காய் உடைக்கவில்லை.