பதினோரு நாள் தள்ளிப்போனதும் தையல் மெஷின் பெல்ட்டும்

மெஷின் எண்ணெய் வாசம் எங்கே வந்தாலும் எனக்குப் போத்தனூர் வீட்டின் முன்னறைதான் ஞாபகம் வரும்... கால்மிதி மெஷின், பூப்போட்ட காட்டன் துணி மூட்டை, ரயில் போகும்போதெல்லாம் அதிரும் ஜன்னல்.

கல்யாணமாகி ஒன்றரை வருடம். நைட்டி தைத்து அக்கம்பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்த எனக்கு முதல் மொத்த ஆர்டர் அப்போதுதான் வந்திருந்தது. வால்பாறையில் ஒரு ஜவுளிக்கடை. அறுபது நைட்டி.

"எஸ்டேட்ல போனஸ் போடறதுக்குள்ள கொண்டாந்தா எடுத்துக்கறனுங்க. பிந்துனா வேண்டாமுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார் கடைக்காரர்.

அந்த நேரம் பார்த்து மாமியார் கொடுமுடிக்குக் கிளப்பினார். குழந்தை வேண்டிப் பரிகாரம். போகும் நாள் என் தேதியோடு மோதியது. அதனாலென்ன, தள்ளிப்போட மாத்திரை இருக்கிறதே! அவரே மெடிக்கலில் வாங்கி, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த மாதம் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். மறுபடியும் அதே பேப்பர் பொட்டலம்.

இந்தத் தடவை மாத்திரையை நிறுத்திப் பதினோரு நாளாகியும் வரவில்லை.

"கொடுமுடி பலிச்சுப்போச்சு கண்ணு!" என்றார் மாமியார், தெருவே கேட்க.

மறுநாள் காலை மெஷினில் உட்கார்ந்தால் சக்கரத்தில் தோல் பெல்ட் இல்லை.

"அத்தை, பெல்ட் எங்கீங்க?"

"வயித்துல புள்ளைய வெச்சுட்டு மெஷின் மிதிக்கறதா? கம்முனு உக்காரு அம்மணி."

"மாத்திரையாலகூடத் தள்ளியிருக்குமுங்க..."

"ஊருல எல்லாப் பொண்ணுகளுந்தான் மாத்திரை போடறாளுக. போ, போய்ப் பாலைக் குடி."

முப்பத்தெட்டு நைட்டி முடிந்திருந்தது. மீதி துணியாகவே கிடந்தது.

டெஸ்ட் கார்டு வாங்கலாமென்றால் மெடிக்கல் கடைக்காரர் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை. மாத்திரை வாங்க யாருக்கும் கூச்சமில்லை, கார்டு வாங்கத்தான் கூச்சம்! "ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றால், "பொம்பளைக சமாச்சாரம், எனக்கென்ன தெரியும்" என்று வீட்டுக்காரர் பைக்கை எடுத்துவிட்டார்.

வந்த எரிச்சலில் நானே பஸ் ஏறி ஒரு லேடி டாக்டரிடம் போனேன். முதலில் டெஸ்ட். இல்லை என்று வந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன மாத்திரை? எத்தனை நாள்? சாப்பாடு? தூக்கம்? எடை பார்த்தால் ஐந்து கிலோ இறங்கியிருந்தது. ஆர்டர் வந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாட்டையே மறந்திருந்தேன்.

"மாத்திரைய நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல, மிஞ்சினா ஒரு வாரத்துல வந்துருமுங்க. நீங்க சாப்பாடும் இல்லாம, தூக்கமும் இல்லாம, டென்ஷன வேற ஏத்தி வெச்சிருக்கீங்க. அதுக்கும் தள்ளும். தைராய்டும் பாத்துருவோம். இன்னொரு வாரம் பாருங்க, வரலீன்னா மறுபடி டெஸ்ட் பண்ணோணும். லேட்டுன்னாலே புள்ளைதான்னு யாருங்க சொன்னது?"

யார் சொன்னதா! தெருவே சொல்லிக்கொண்டிருக்கிறதே...

ரிசல்ட் சீட்டை மாமியாரிடம் நீட்டினேன். "சீட்டுல இருக்கறதெல்லாம் நெசமா?" என்றார்.

மூன்றாம் நாள் வந்துவிட்டது. சாயங்காலம் மெஷின்மேல் மாமியார் வைத்த ஒரு பேப்பர் பொட்டலம். உள்ளே பெல்ட்.

தெருதான் விடவில்லை. "மெஷின மிதிச்சே கலைச்சுப்போட்டாளாமா" என்று துக்கம் விசாரிக்க வந்தார்கள். இல்லாத பிள்ளைக்கு! ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே மிதித்தேன். அறுபதில் ஐம்பத்திரண்டுதான் முடிந்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வால்பாறை போய்ச் சேர்ந்தேன். நல்லவேளை, கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

இன்று என் யூனிட்டில் முப்பது மெஷின். எல்லாம் கரண்டில் ஓடுபவை. போன வாரம், புதிதாகக் கல்யாணமான தையல்காரப் பெண் ஒருத்தி, தேதி கணக்கு வைக்கும் ஆப்பைத் திறந்து செல்போனை நீட்டினாள்.

"அக்கா, ஒம்போது நாள் லேட்டுன்னு காட்டுதுங்க. எங்கத்தை இனி வேலைக்கே போவேண்டாங்கறாங்க."

"கோயிலுக்கு எங்காச்சும் போனியா கண்ணு?"

"பழனிக்குப் போனமுங்க... மாத்திரை போட்டுட்டு."

தலையில் அடித்துக்கொண்டேன். நாளை எண்ணிச் சொல்ல அன்று மாமியார், இன்று செல்போன். ஏன் தள்ளியது என்று கேட்க மட்டும் வீட்டில் அன்றும் ஆளில்லை, இன்றும் ஆளில்லை.

அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினேன். வழியில் மெடிக்கலில் நிறுத்தி டெஸ்ட் கார்டு கேட்டேன். கடைக்காரர் எடுத்து, கை போன போக்கில் பேப்பரில் சுற்றப் போனார்.

"சுத்த வேண்டாமுங்க. அப்படியே குடுங்க" என்றேன்.